‘கே’ என்ற சொல் வந்த வழி

குலசேகரம் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கும் இளம் ஆசிரியை ஒருவர் எனக்கு மூன்று கேள்விகள் எழுதியிருக்கிறார். டாஃபடில் பூக்களைப் பற்றிய வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதையை நடத்தும்போது ‘கே’ என்ற சொல் வந்ததும் வகுப்பு முழுவதும் சிரிக்கிறதாம். அகராதியைப் புரட்டினால் ‘மகிழ்ச்சியான’ என்று இருக்கிறது. பிள்ளைகள் அறிந்திருப்பதோ ஆணை நேசிக்கும் ஆண் என்ற பொருளை. ஒரே சொல்லுக்கு இந்த இரண்டு பொருளும் எப்படி வந்தன? தமிழில் இதை எப்படிச் சொல்வது? பேசாமல் அந்த வரியைத் தாண்டிப் போய்விடலாமா?

நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் முப்பத்தோரு ஆண்டுகள் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். அந்தச் சிரிப்பை நானும் கேட்டிருக்கிறேன். 2003இல் முதலாண்டுப் பொது ஆங்கில வகுப்பில் அதே வரியில் அதே சிரிப்பு எழுந்தது. “மகிழ்ச்சி என்று எழுதிக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்கு ஓடினேன். அன்று ஓடியதற்கு இன்றும் வருந்துகிறேன். அந்தக் கதை கடைசியில் வரும். முதலில் சொல்லின் கதை.

ஏரிக்கரையில் காற்றுக்கு ஆடும் பூக்களைக் கண்ட கவிஞர், இப்படிக் குதூகலிக்கும் கூட்டத்துக்கு நடுவே ஒரு கவிஞன் ‘கே’யாக இல்லாமல் வேறு எப்படி இருப்பான் என்கிறார். கவிதை அச்சானது 1807இல். அதற்கு முந்தைய ஆண்டுதான் ரிங்கல்தௌபே என்ற மிஷனரி திருவிதாங்கூருக்குள் வந்தார். மயிலாடியில் அவருடைய பணி வேர்விட்டது. மிஷனரிகள் வழியாக ஆங்கிலப் படிப்பு நம் பக்கம் வரத் தொடங்கிய அந்தக் காலத்தில், ஒருவரை ‘கே’ என்றால் அவர் கலகலப்பானவர் என்றே முதலில் விளங்கும்.

சொல் ஆங்கிலத்துக்குப் பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. அங்கே ‘கை’ என்றால் மகிழ்ந்திருப்பது, துள்ளலோடு இருப்பது. ஆங்கிலத்தில் அதற்கு ஆரம்பத்திலேயே இரண்டு முகங்கள் இருந்தன. ஒன்று மனத்தின் களிப்பு. மற்றொன்று கண்ணைப் பறிக்கும் நிறமும் அலங்காரமும். பதினான்காம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சாசர் ஒரு வில்வீரனை வருணிக்கும்போது அவன் இடுப்புக் குத்துவாளையே ‘கே’ என்கிறார். வாள் மகிழுமா? பளபளவென்று வேலைப்பாடு செய்த வாள் என்று பொருள். விடியும் முன் தோவாளைச் சந்தைக்குப் போயிருக்கிறீர்களா? கேந்தியும் செவ்வந்தியும் வாடாமல்லியும் விளக்கு வெளிச்சத்தில் குவியல் குவியலாகக் கிடக்கும். சாக்கைப் பிரித்துக் கொட்டும்போது மஞ்சள் தரையில் ஓடும். அந்தக் காலத்து ஆங்கிலேயர் ஒருவரை அங்கே கொண்டுவந்து நிறுத்தினால் அவர் வாயில் முதலில் வரக்கூடிய சொல் இதுதான்.

களிப்பு என்ற பொருள் எப்போது கறைபட்டது? பதினேழாம் நூற்றாண்டில். ‘கே’யான ஆள் என்றால் கட்டுப்பாடில்லாமல் இன்பம் தேடி அலைபவன் என்ற நிழல் அந்தச் சொல்லின் மேல் விழுந்தது. 1703இல் நிக்கலஸ் ரோ எழுதிய நாடகம் ஒன்றில் லொத்தாரியோ என்று ஒரு பெண்பித்தன் வருகிறான். அவன் பெயருக்கு முன்னால் நிற்கும் அடைமொழிகளில் இதுவும் ஒன்று. இரண்டும் சேர்ந்து ஆங்கிலத்தில் மரபுத்தொடராகவே ஆகிவிட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டனில் ‘கே’ பெண் என்றால் விலைமகள். 1857இல் பஞ்ச் என்ற லண்டன் நகைச்சுவை இதழில் வந்த ஒரு கேலிச்சித்திரம் புகழ்பெற்றது. நள்ளிரவில் தெருவோரமாக நிற்கும் இரண்டு பெண்களில் ஒருத்தி மற்றவளிடம், “நீ எவ்வளவு காலமாக ‘கே’யாக இருக்கிறாய்?” என்று கேட்கிறாள். இன்றைய பொருளை வைத்துப் படித்தால் சித்திரம் விளங்காது. எவ்வளவு நாளாக இந்தத் தொழிலில் இருக்கிறாய் என்பதே கேள்வி. ‘மகிழ்ச்சி’ என்ற சொல்லைச் சுமந்துகொண்டு அந்தப் பெண்கள் நிற்பதில் உள்ள கசப்புதான் சித்திரத்தின் உயிர்.

ஒரு நல்ல சொல் இப்படிச் சரியுமா என்று வகுப்பில் யாராவது கேட்டால் வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டாம். நம் செய்தித்தாளை எடுத்துக் காட்டுங்கள். ஒரு பக்கத்தில் ‘கன்னியாகுமரியிலிருந்து வட்டக்கோட்டைக்கு உல்லாசப் படகு’ என்று செய்தி இருக்கும். குடும்பத்தோடு டிக்கெட் எடுத்துப் போவோம்; ஒரு கூச்சமும் இல்லை. நான்கு பக்கம் தள்ளிக் குற்றச் செய்தியில் ‘இருவரும் உல்லாசமாக இருந்தனர்’ என்று இருக்கும். அதைப் பிள்ளைகள் முன்னால் உரக்கப் படிக்க மாட்டோம். ஒரே சொல், ஒரே நாள், ஒரே தாள். உல்லாசம் என்றால் களிப்பு. களிப்பு சிற்றின்பத்துக்கு இடக்கரடக்கலாகப் போனது. ஆங்கிலச் சொல் நடந்த வழியும் இதேதான். அது கொஞ்சம் முன்னதாகப் புறப்பட்டுவிட்டது. திருக்குறளில் காதலைக் குறித்து நிமிர்ந்து நின்ற ‘காமம்’ இன்று தலைகுனிந்து கிடப்பதையும், மணத்தைக் குறித்த ‘நாற்றம்’ மூக்கைப் பொத்த வைப்பதையும் சேர்த்துச் சொல்லலாம். காலம் மட்டுமா, இடமும் சொல்லை மாற்றுகிறது. விளவங்கோட்டுப் பக்கம் “சுகந்தானே?” என்று கேட்டால் உடல்நலம் விசாரிப்பது, அதே ‘சுகம்’ வேறு ஊர்ப் பேச்சில் வேறு வாசனையோடு வரும். சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள காரணம் வெளிப்படையாகத் தெரியாது என்கிறது தொல்காப்பியம்: ‘மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா’. அந்த நூலைக் கேட்டு ஆராய்ந்த ஆசானை அதங்கோட்டுக்காரர் என்று நம் மாவட்டம் கொண்டாடுகிறது. இந்த நூற்பாவையும் அந்தப் பெருமையோடு சேர்த்து நாம் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இனிதான் கதையின் முக்கியமான திருப்பம். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஆணை நேசித்த ஆண்களும் பெண்ணை நேசித்த பெண்களும் இந்தச் சொல்லைத் தமக்குள் பரிபாஷையாக எடுத்துக்கொண்டார்கள். பிடிபட்டால் சிறை, வேலையிழப்பு, ஊர் ஏச்சு என்று இருந்த காலம். வெளியே நிற்பவர் காதில் ‘கலகலப்பானவர்’ என்று விழும். உள்ளே இருப்பவருக்கு ‘நம்மவர்’ என்று விளங்கும். நம் புலவர்கள் சிலேடையை அறிவின் விளையாட்டாக வளர்த்தார்கள். இவர்களுக்கு அது உயிர்காக்கும் வேலி. 1922இல் அமெரிக்க எழுத்தாளர் கெர்ட்ரூட் ஸ்டைன் வெளியிட்ட ஒரு கதையில் சேர்ந்து வாழும் இரண்டு பெண்களைப் பற்றிச் சொல்லும்போது இந்தச் சொல் திரும்பத் திரும்ப, சலிக்கும் அளவுக்கு வருகிறது. விவரமில்லாதவர் அதைப் படித்து இரண்டு உற்சாகமான பெண்கள் என்று எண்ணிக்கொண்டு போயிருப்பார்.

அவர்களுக்கென்று ஏற்கெனவே ஒரு சொல் இல்லையா என்றால், இருந்தது. 1869இல் கெர்ட்பெனி என்பவர் ஜெர்மன் மொழியில் ‘ஹோமோசெக்ஷுவல்’ என்ற சொல்லை அச்சில் கொண்டுவந்தார். ‘ஒரே’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லோடு ‘பால்’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லை ஒட்டியது. கெர்ட்பெனி அதைத் தண்டனைச் சட்டத்தை எதிர்த்து எழுதிய துண்டுநூலில்தான் பயன்படுத்தினார். ஆனால் சீக்கிரமே மருத்துவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். நோயாளிச் சீட்டிலும் போலீஸ் குறிப்பிலும் ஏறிய சொல்லை யாரும் விரும்பித் தன் பெயராக வைத்துக்கொள்ள மாட்டார்கள். அடுத்தவர் கொடுத்த பெயர் ஒன்று. தாமே தேர்ந்துகொண்ட பெயர் ஒன்று. ‘கே’ இரண்டாவது வகை.

1969 ஜூன் 28 அதிகாலையில் நியூயார்க்கின் ஸ்டோன்வால் மதுக்கூடத்தில் போலீஸ் சோதனைக்கு வந்தபோது அங்கிருந்தவர்கள் பணிந்து போகவில்லை. நாட்கணக்கில் தெருவில் நின்றார்கள். அதிலிருந்து கிளம்பிய அமைப்பு, பரிபாஷையாக இருந்த அந்தச் சொல்லைத் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டு வீதிக்கு வந்தது. 1973இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்ப் பட்டியலிலிருந்து ஒரே பாலினரை நேசிப்பதை எடுத்தது. 1990இல் உலக சுகாதார அமைப்பும் எடுத்தது. நியூயார்க் டைம்ஸ் நாளிதழோ 1987 வரை இந்தச் சொல்லைத் தன் நடையில் ஏற்கவே இல்லை. ஒரு சமூகம் தன்னை அழைத்துக்கொண்ட பெயரை அச்சில் ஏற்ற ஒரு பெரிய பத்திரிகைக்கு ஸ்டோன்வாலுக்குப் பிறகும் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. பெயர் வைப்பது எவ்வளவு பெரிய அதிகாரம் என்பதற்கு எனக்கு இதைவிடத் தெளிவான சான்று தெரியாது.

பெண்களில் பலர் 1970களிலிருந்து ‘லெஸ்பியன்’ என்ற தனிப்பெயரை முன்வைத்தார்கள். சாஃபோ என்ற கிரேக்கக் கவி வாழ்ந்த லெஸ்பாஸ் தீவின் பெயரிலிருந்து வந்தது அது. அதனால் ‘கே’ இன்று பெரும்பாலும் ஆண்களைக் குறிக்கிறது, இருவரையும் சேர்த்துச் சொல்வதும் உண்டு.

ஒரு பொய்க்கதையையும் இங்கே தீர்த்துவிடுகிறேன். ‘குட் ஏஸ் யூ’, அதாவது ‘உன்னளவு நல்லவன்’ என்பதன் முதலெழுத்துகளே இந்தச் சொல் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அழகான கருத்துதான், ஆனால் அது பிற்காலத்தில் மாட்டிவிட்ட விளக்கம். சாசர் காலத்திலேயே இருந்த சொல்லுக்கு முதலெழுத்து விளையாட்டு எதற்கு?

நம் நாட்டிலும் G, A, Y என்ற இந்த மூன்று ஆங்கில எழுத்துகள் படும் பாட்டுக்கு ஒரு சின்ன உதாரணம் உண்டு. பீகாரில் கயா விமான நிலையத்தின் பன்னாட்டுக் குறியீடு இதே எழுத்துகள்தான். புனிதத் தலத்துக்கு இப்படிப்பட்ட குறியீடு சங்கடமாக இருக்கிறது, மாற்ற வேண்டும் என்று 2022இல் நாடாளுமன்றக் குழு ஒன்று பரிந்துரைத்தது. எனக்கு அதைப் படித்தபோது வருத்தமாக இருந்தது. அந்தச் சொல்லைத் தன் பெயராகக் கொண்ட எத்தனை பேர் அதே விமானத்தில் ஏறி, அதே ஊரில் தங்கள் பெற்றோருக்குப் பிண்டம் வைத்திருப்பார்கள்!

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1860இன் இந்திய தண்டனைச் சட்டத்தில் 377ஆம் பிரிவு ‘இயற்கையின் ஒழுங்குக்கு மாறான’ உறவைக் குற்றமாக்கியது. டெல்லி உயர் நீதிமன்றம் 2009இல் அதைத் தளர்த்தியது; உச்ச நீதிமன்றம் 2013இல் திரும்பவும் இறுக்கியது; 2018 செப்டம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக, வயது வந்தவர்கள் மனமொத்து இணைவது குற்றமில்லை என்றார்கள். திருமண உரிமை கேட்ட வழக்கில் 2023 அக்டோபரில் நீதிமன்றம் அதை வழங்க மறுத்தது. ஆக, இன்று வகுப்பில் இந்தச் சொல்லை விளக்கும் ஆசிரியை குற்றம் எதையும் விளக்கவில்லை. பெற்றோர் யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

இரண்டாவது கேள்வி தமிழ்ச் சொல்லைப் பற்றியது. எனக்கு மிகவும் நெருக்கமானதும் அதுதான்.

நாம் அதிகம் படித்த சொல் ‘ஓரினச்சேர்க்கை’. அதைப் பிரித்துப் பாருங்கள். ஓர் இனம். மனிதர் எல்லாரும் ஓரினம்தானே? ஆணும் பெண்ணும் சேர்ந்தாலும் அது ஓரினச் சேர்க்கைதான். சொல்ல வந்தது ‘பால்’. சொல்லில் இருப்பது ‘இனம்’. அந்தப் பிழையைக்கூட மன்னித்துவிடலாம். ‘சேர்க்கை’ என்ற பாதியைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஒருவரைப் பார்க்க ஏங்குவது, அவர் வரும் பஸ்ஸுக்காகக் காத்து நிற்பது, அவருக்குக் காய்ச்சல் என்றால் தூக்கம் வராமல் கிடப்பது எல்லாவற்றையும் அந்தச் சொல் துடைத்தெறிந்துவிட்டுப் படுக்கையை மட்டும் மிச்சம் வைக்கிறது. திருமணமான ஆணையும் பெண்ணையும் ‘இருபாற்சேர்க்கையாளர்கள்’ என்று யாராவது அறிமுகப்படுத்தினால் நமக்கு எப்படி இருக்கும்?

களியக்காவிளையைத் தாண்டினால் மலையாளத்தில் ‘ஸ்வவர்க்கானுராகி’ என்று ஒரு சொல் புழங்குகிறது. அதற்குள் அனுராகம் இருக்கிறது, அன்பு இருக்கிறது. படுக்கையை மட்டும் சொல்லும் ‘ஸ்வவர்க்கரதி’யும் அங்கே உண்டு, ஆனால் அவர்களுக்குத் தேர்ந்துகொள்ள இரண்டு சொற்கள் இருக்கின்றன. இரண்டு மொழிச் செய்தித்தாளும் படிக்கும் வீட்டில் வளர்ந்தவள் என்பதால் இந்த வேறுபாடு எனக்குச் சிறு வயதிலேயே உறுத்தியது.

தமிழிலும் இப்போது நல்ல சொற்கள் வந்துவிட்டன. ‘தன்பாலீர்ப்பு’ என்பதே என் தேர்வு. ‘ஒருபாலீர்ப்பு’ என்றும் எழுதுகிறார்கள். பால் சரியாக இருக்கிறது. ஈர்ப்பு, மனத்தையும் உடலையும் சேர்த்தே சொல்கிறது. ‘மகிழ்வன்’ என்று எழுதுபவர்கள் ஆங்கிலச் சொல்லின் பழைய மகிழ்ச்சியைத் தமிழுக்குள் கொண்டுவருகிறார்கள். பாதிப் பேருக்கு விளக்க வேண்டியிருந்தாலும் எனக்கு அது பிடிக்கும். ‘நம்பி’ என்றும் சிலர் சொல்கிறார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் இரண்டு பெண்கள் பாதுகாப்புக் கேட்டு வந்த வழக்கில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூனில் பிறப்பித்த உத்தரவு முக்கியமானது. இதைப் புரிந்துகொள்ளத் தாமே உளவியல் வல்லுநரிடம் அமர்ந்து பாடம் கேட்டார் அவர். அந்த வழக்கின் தொடர்ச்சியாகவே, இவர்களை எந்தச் சொற்களால் குறிக்க வேண்டும் என்று ஒரு சொற்பட்டியலைத் தமிழ்நாடு அரசு 2022 ஆகஸ்டில் அரசிதழில் வெளியிட்டது. சொல்லை மாற்ற நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது என்பதை மாணவர்களுக்குச் சொல்லலாம்.

பயன்படுத்தும்போது இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஆங்கிலத்தில் இது பெயரடை. ‘அவர் கே’ என்பது சரி. ‘ஒரு கே வந்தார்’ என்று ஆளையே அந்தச் சொல்லுக்குள் அடைப்பது புண்படுத்தும். மற்றொன்று, திருநங்கையரோடு இதைக் குழப்புவது. திருநங்கை என்பது தான் யார் என்பதைப் பற்றியது. தன்பாலீர்ப்பு யாரை விரும்புகிறோம் என்பதைப் பற்றியது. நம் ஊரில் இரண்டையும் ஒரே வசைக்குள் போட்டுவிடுகிறோம், அதனால் இரண்டு பேருமே காயப்படுகிறார்கள். ஒன்றைப் பிடிக்காவிட்டால் ‘கே’ என்று ஏளனம் செய்யும் பழக்கம் ஆங்கிலப் பள்ளிகளில் கடந்த நூற்றாண்டின் கடைசியில் பரவியது; கைப்பேசி வழியாக அது நம் வகுப்புக்கும் வந்துவிட்டது. நீங்கள் கேட்டது அந்தச் சிரிப்பைத்தான்.

இப்போது 2003இன் கதை. அன்று வகுப்பு சிரித்தபோது ஜன்னலோரம் மூன்றாவது பெஞ்சில் ஒரு பையன் மட்டும் சிரிக்கவில்லை. புத்தகத்தின் ஓரத்தைப் பேனாவால் கறுப்பாக்கிக்கொண்டே இருந்தான். நான் பார்த்தேன். பார்த்தும் அடுத்த வரிக்குப் போனேன்.

பல ஆண்டுகள் கழித்து, ஓர் ஆனி மாத மழையில், அவன் அம்மா இரணியலிலிருந்து பஸ் ஏறித் தக்கலையில் என் வீட்டுக்கு வந்தார். மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். தன்னைப் பற்றித் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். குடையைத் திண்ணையில் சாய்த்துவிட்டு, தலையைக்கூடத் துவட்டாமல் அவர் கேட்டார்: “டீச்சர், அவன் ஆங்கிலத்தில் ஒரு சொல் சொன்னான். அது எனக்கு விளங்கிவிட்டது. ஆனால் ராத்திரி தனியாகப் படுத்து யோசிக்கும்போது நம் பாஷையில் ஒரு சொல் வேண்டாமா? எனக்குத் தெரிந்ததெல்லாம் சண்டையில் திட்டுகிற சொல். என் பிள்ளையை அந்தச் சொல்லில் எப்படி நினைப்பேன்?”

தன்பாலீர்ப்பு என்று ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். எழுத்துக் கூட்டிப் படித்தார். “ஈர்ப்பு என்றால், மாங்காய் தானாகக் கீழே விழுவதற்கு இவன் பத்தாம் வகுப்பில் படித்தானே, அதுதானே?” என்றார். அதுதான் என்றேன். தாளை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு என் பதில்: தாண்டிப் போகாதீர்கள். வரியைப் படியுங்கள். சிரிப்பு வரட்டும், அடங்கும்வரை நில்லுங்கள். பிறகு கரும்பலகையில் ‘உல்லாசம்’ என்று எழுதி, இந்தச் சொல்லை எங்கெல்லாம் பார்த்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். படகையும் செய்தித்தாளையும் அவர்களே சொல்வார்கள். அங்கிருந்து ஆங்கிலச் சொல்லுக்கு வர ஐந்து நிமிடம் போதும். ‘தன்பாலீர்ப்பு’ என்பதைப் பலகையில் எழுதி, அதைப் பாடம் நடத்தும் அதே குரலில் ஒரு முறை உரக்கச் சொல்லுங்கள். அந்த வகுப்பில் யாரோ ஒரு பிள்ளை புத்தக ஓரத்தைக் கறுப்பாக்கிக்கொண்டு இருக்கலாம். நீங்கள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டாம், அவன் காதில் விழுந்தால் போதும்.